அஞ்சு ஏக்கர் தென்னைக்கு எந்த செயின்சா, எந்த மட்டை மெஷின்?

கேள்வி இதுதான். பேராவூரணி பக்கம் ஒருவருக்கு ஐந்து ஏக்கர் தென்னந்தோப்பு. வேலியோரம் வேம்பும் பூவரசும், வாய்க்கால் கரையில் சீமைக்கருவேலம். வேலைக்கு ஆள் கிடைப்பதில்லை என்பதால் சொந்தமாக ஒரு செயின்சாவும், மட்டையைத் தூளாக்கும் மெஷினும் வாங்க நினைக்கிறார். எது வாங்கலாம், எப்படிப் பராமரிப்பது, பாதுகாப்புக்கு என்னென்ன வேண்டும் என்று கேட்டிருக்கிறார். கஜா புயல் சமயத்தில் மாமா வாங்கிய மெஷின் ஒன்று ஸ்டார்ட் ஆகாமல் கிடக்கிறது, அதைத் தேற்ற முடியுமா என்பது கடைசிக் கேள்வி.

நான் பட்டுக்கோட்டைப் பக்கத்துக்காரன். பல வருடம் மரம் அறுக்கும் வேலைக்குப் போனேன், அப்புறம் அந்த மெஷின்களையே ரிப்பேர் பார்க்க உட்கார்ந்துவிட்டேன். அதனால் என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செயின்சா வாங்குங்கள், சின்னதாக வாங்குங்கள். மட்டை மெஷின் வாங்காதீர்கள், வாடகைக்கு எடுங்கள். மிச்சமாகும் பணத்தில் ஹெல்மெட், காலைச் செயின் வெட்டாமல் காக்கும் சாப்ஸ், நல்ல அரம் நாலு வாங்குங்கள். ஏன் என்பதுதான் இனி.

கடைக்குப் போனால் முதலில் எடுத்துக் காட்டுவது 58 சிசி, 22 இன்ச் பார் போட்ட மெஷின். பார் என்பது செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு. ஏழெட்டாயிரத்துக்குக் கிடைக்கிறது. பெரிய பாரைப் பார்த்ததும் எல்லோருக்கும் கை அங்கேதான் போகும். ஆனால் உங்கள் தோப்பில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். தென்னை தூரில் பருத்திருக்கும், அதற்கு மேல் குறுக்கே ஓர் அடி, சற்றுக் கூடக் குறைய இருக்கும். 16 இன்ச் பார் அதை ஒரே வெட்டில் தாண்டிவிடும். வேம்பு ஒன்றரை அடி இருந்தால் இரண்டு பக்கமும் மாறி நின்று அறுக்கலாம். பார் நீள நீள மெஷினுக்கு முன்பாரம் கூடும், செயினில் பல் கூடும், அரத்தால் ராவிக் கூராக்குகிற வேலை கூடும். எல்லாவற்றையும் விட, பாரின் மூக்கு அந்தப் பக்கம் எதில் இடிக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. செயின்சாவில் ஆபத்தே அந்த மூக்கில்தான் இருக்கிறது, அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

உங்களுக்குச் சரியான அளவு 40 முதல் 45 சிசி, 16 அல்லது 18 இன்ச் பார். ஸ்டில் கம்பெனியில் எம்எஸ் 250 இந்த ரகம், 45.4 சிசி. கிளை கழிக்கவும் சின்ன மரத்துக்கும் மட்டும் என்றால் எம்எஸ் 180 போதும், 31.8 சிசி, பாரும் செயினும் இல்லாமல் நாலு கிலோவுக்குள் எடை. ஹஸ்க்வர்னாவிலும் இதே வரிசையில் மெஷின் உண்டு. மர வியாபாரிகள் கையில் நீங்கள் பார்க்கும் 72 சிசி மெஷின் தினமும் புளியும் வாகையும் அறுப்பவர்களுக்கு. சீமைக்கருவேலம் கெட்டி மரம்தான், ஆனால் உங்கள் வாய்க்கால் கரையில் இருப்பது அடியில் தொடை பருமன் இருந்தால் அதிகம். 45 சிசி தாராளம்.

சீன மெஷினே கூடாது என்று சொல்ல மாட்டேன். வருடத்தில் பத்து நாள் ஓட்டப் போகிறவர்கள் அதை வைத்தே சமாளிக்கிறார்கள். ஆனால் வாங்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள்: அந்த மெஷினுக்கு ஸ்டார்ட்டர் கயிறு, ஆயில் பம்ப், கார்பரேட்டர் டயாஃப்ரம் மூன்றும் காலையில் பஸ் ஏறிப் போய் மதியச் சாப்பாட்டுக்குள் வாங்கி வந்துவிடும் தூரத்தில் கிடைக்குமா? கிடைக்கும் என்றால் எந்த பிராண்டும் சரி. என்னிடம் ஒருவர் கொண்டுவந்த மெஷினில் ஆயில் பம்பைச் சுழற்றும் பிளாஸ்டிக் பல்சக்கரம் போய்விட்டது, நூறு ரூபாய்ச் சாமான். விற்றவர் ஃபோனே எடுக்கவில்லை. அந்த மெஷின் இன்னும் என் பட்டறைப் பரணில்தான் இருக்கிறது.

பேட்டரி மெஷின் பற்றிக் கேட்கவில்லை, இருந்தாலும் ஒரு வரி: வீட்டுத் தோட்டத்துக்கு நல்லது, தோப்புக்கு இரண்டு மூன்று பேட்டரி வேண்டும், விலை கட்டாது.

அடுத்தது செயின். இதில்தான் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்ளப் போகிறேன். என்னிடம் "மெஷின் இழுக்கவில்லை, என்ஜின் வேலை இருக்கு" என்று வருகிறவற்றில் பாதிக்கு மேல் என்ஜினில் ஒன்றும் இருக்காது. பல் மழுங்கியிருக்கும், அவ்வளவுதான்.

தென்னைக்காரனுக்கு வண்டு என்ற பெயரைக் கேட்டாலே வயிறு எரியும். ஆனால் இன்று நாம் ஓட்டும் செயினின் பல் ஒரு வண்டுப் புழுவைப் பார்த்துச் செய்தது. அமெரிக்காவில் ஓரிகன் மாநிலத்தில் மரம் வெட்டிக்கொண்டிருந்த ஜோசப் காக்ஸ் என்பவர், கட்டையைக் குடையும் புழு ஒன்று தாடையை இடமும் வலமுமாக ஓட்டி நாரின் போக்குக்குக் குறுக்கேயும் சுலபமாக அறுத்துக்கொண்டு போவதைக் கவனித்தார். அந்தத் தாடை வடிவத்தில் 1947ல் செயின் பல் செய்தார். அதனால்தான் உங்கள் செயினில் ஒரு பல் இடப்பக்கம், அடுத்தது வலப்பக்கம் என்று மாறி மாறி இருக்கிறது. ஒவ்வொன்றும் உளி மாதிரி சீவி எடுக்கும். ஒரு பக்கத்துப் பல் நீளமாகவோ கூராகவோ இருந்து மறுபக்கம் தேய்ந்திருந்தால் வெட்டு வளைந்துகொண்டு போகும். நேராகப் பிடித்தும் வெட்டு கோணுகிறது என்றால் முதலில் பல்லைப் பாருங்கள். அப்புறம் பாரின் இரண்டு விளிம்பும் சமமாக இருக்கிறதா என்று பாருங்கள்.

மழுங்கிவிட்டது என்று எப்படித் தெரியும்? கீழே விழுவதைப் பாருங்கள். வேம்பு அறுக்கும்போது அவல் மாதிரி சீவல் வந்தால் பல் நன்றாக இருக்கிறது. கோலமாவு மாதிரி வந்தால் நிறுத்திவிடுங்கள். மெஷினை நீங்கள் அழுத்த வேண்டியிருந்தாலும் அதே அர்த்தம். கூரான செயின் தன் பாரத்திலேயே கீழே இறங்கும்.

தென்னை பல்லைச் சீக்கிரம் தின்றுவிடும். உள்ளே சோறு மெத்தென்று இருந்தாலும் ஓரத்து வைரம் கல் மாதிரி. பனை அதற்கும் மேல். அது போதாதென்று தரையில் கிடக்கும் மரத்தில் மணல் ஒட்டியிருக்கும். மரத்தை அறுத்து முடிக்கிற அந்தக் கடைசி நொடியில் மூக்கு மண்ணைத் தொட்டால் போதும், அரை நாள் வேலைக்கான கூர் போய்விடும். கட்டைக்கு அடியில் மட்டைத் துண்டு இரண்டைக் கொடுத்துத் தூக்கி வைத்து அறுங்கள். வேலியோர வேம்பு இன்னும் மோசம். முப்பது வருடத்துக்கு முன் அடித்த முள்கம்பி ஆணியை மரம் விழுங்கியிருக்கும், வெளியே தெரியாது. பட்டையில் நீலக் கறுப்பாகக் கறை தெரிந்தால் உள்ளே இரும்பு இருக்கலாம். அந்த இடத்தை விட்டு ஓர் அடி மேலே அறுங்கள்.

ராவுவதற்கு உருண்டை அரம் வேண்டும், அதன் அளவு செயினைப் பொறுத்தது. எம்எஸ் 180 மாதிரி சின்ன மெஷினில் வரும் குட்டை செயினுக்கு 4 மி.மீ. அரம். 45 சிசி மெஷின்களிலும் பெரும்பாலான 58 சிசி சீன மெஷின்களிலும் வரும் .325 செயினுக்கு (இது கண்ணி அளவு, இன்ச்சில்) 4.8 மி.மீ. பெரிய மெஷினின் 3/8 செயினுக்கு 5.2 அல்லது 5.5, செயின் பெட்டியிலேயே போட்டிருக்கும். கையில் இருக்கிற அரத்தை வைத்து ராவினால் பல்லின் வளைவு கெட்டுவிடும்.

முதல் தடவை செய்கிறவர்கள் இப்படிச் செய்யுங்கள். வெட்டிய அடிக்கட்டையில் மெஷினாலேயே இரண்டு இன்ச் ஆழத்துக்கு ஒரு காடி போட்டு, மெஷினை நிறுத்திவிட்டு, பாரை அதற்குள் இறுக்கிச் செருகுங்கள். அதுதான் தோப்பில் உங்களுக்கு வைஸ். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். இருப்பதிலேயே தேய்ந்து குட்டையான பல் எது என்று பார்த்து அதில் ஆரம்பியுங்கள், மற்ற எல்லாப் பல்லையும் அந்த நீளத்துக்குக் கொண்டுவர வேண்டும். பல்லின் தலையில் சாய்வாக ஒரு கோடு போட்டிருப்பார்கள், அநேகமாக 30 டிகிரி, அதற்கு ஒட்டி அரத்தைப் பிடியுங்கள். அரத்தில் ஐந்தில் ஒரு பங்கு பல்லின் தலைக்கு மேலே தெரிய வேண்டும். முன்னால் தள்ளும்போது மட்டும் அழுத்தம், திரும்பும்போது தூக்கிவிடுங்கள். முன்னும் பின்னும் தேய்த்தால் அரம்தான் மழுங்கும். ஒரு பல்லுக்கு மூன்று தள்ளு என்றால் எல்லாவற்றுக்கும் மூன்றுதான். ஒரு பக்கம் முழுதும் முடித்துவிட்டு மறுபக்கம் வந்து நின்று மற்றதை முடியுங்கள். விளிம்பில் வெள்ளையாக ஒரு கோடு பளபளத்தால் இன்னும் மழுங்கல் இருக்கிறது என்று பொருள். கூரான விளிம்பில் வெளிச்சம் நிற்காது.

பல்லுக்கு முன்னால் சின்னதாக ஒரு திமில் இருக்கும், பல் எவ்வளவு ஆழம் கடிக்க வேண்டும் என்று நிர்ணயிப்பது அதுதான். பல் தேயத் தேய அதன் உயரம் குறையும், திமில் அப்படியே நிற்கும், அப்புறம் எவ்வளவு கூர் இருந்தும் கடிக்காது. நாலைந்து முறை ராவியதும் அளவுத்தகடு வைத்து, பல்லுக்கு 0.65 மி.மீ. கீழே இருக்கும்படி தட்டை அரத்தால் திமிலைக் குறையுங்கள். அதற்கு மேல் குறைத்தால் மெஷின் மாடு மாதிரி முட்டும்.

டேங்க் ஒருமுறை காலியாகும்போதெல்லாம் இரண்டு தள்ளு ராவிவிடுகிறவருக்குச் செயின் பல மாதம் வரும். பட்டறையில் சாணைச் சக்கரத்தில் கொடுத்துத் தீட்டுகிறவருக்குச் சீக்கிரம் தீர்ந்துவிடும். சக்கரம் சூடேற்றிப் பல்லை நீலமாக்கிவிட்டால் அந்த இடத்தில் பதமே போய்விடும். நானே சாணை வைத்திருக்கிறேன், வியாபாரத்துக்கு விரோதமாகத்தான் இதைச் சொல்கிறேன்.

செயின் இறுக்கம் சூடு ஆறின பிறகுதான் பார்க்க வேண்டும். கையால் இழுத்தால் தடையில்லாமல் ஓட வேண்டும். பாரின் அடிப்பக்கம் தொங்கக் கூடாது, நடுவில் தூக்கினால் கண்ணி பள்ளத்தை விட்டு முழுக்க வெளியே வரக் கூடாது. சூடாக இருக்கும்போது இறுக்கியிருந்தால் வேலை முடிந்ததும் தளர்த்திவிடுங்கள். ஆறும்போது சுருங்கி இழுக்கும். செயின் மாற்றும்போதெல்லாம் பாரைத் தலைகீழாகத் திருப்பிப் போடுங்கள், பள்ளத்தில் அடைந்திருக்கும் தூளைக் கம்பியால் சுரண்டுங்கள். தென்னை நார் கிளட்ச் மூடிக்குள் போய்த் திணிந்துகொள்ளும், சாயந்திரம் அந்த மூடியைக் கழற்றாமல் மெஷினை உள்ளே வைக்காதீர்கள்.

பார் ஆயிலுக்குப் பதிலாக டிராக்டரில் வடித்த பழைய ஆயிலை ஊற்றுகிறவர்கள் நம் ஊரில் நிறையப் பேர். அதில் இரும்புத் துகள் இருக்கும், பம்பையும் பாரையும் அரித்துவிடும். பார் ஆயில் கிடைக்கவில்லை என்றால் புது என்ஜின் ஆயில் ஊற்றுங்கள், கொஞ்சம் தெறிக்கும், பரவாயில்லை. ஆயில் வருகிறதா என்று பார்க்க, மெஷினை முறுக்கி, பழைய செய்தித்தாளுக்கு ஒரு சாண் மேலே மூக்கைக் காட்டுங்கள். எண்ணெய்க் கோடு விழ வேண்டும்.

பெட்ரோல் விஷயத்தில் எல்லோரும் தப்பு செய்கிறார்கள். இந்த மெஷின்களுக்குப் பெட்ரோலோடு 2டி ஆயில், அதாவது டூ-ஸ்ட்ரோக் ஆயில், கலந்துதான் ஊற்ற வேண்டும். மெஷின் கம்பெனியின் 2டி ஆயில் என்றால் லிட்டருக்கு 20 மில்லி, அதாவது 50க்கு 1. சாதாரணக் கடை 2டி ஆயில் என்றாலோ, சீன மெஷினின் புத்தகத்தில் 25க்கு 1 என்று இருந்தாலோ லிட்டருக்கு 40 மில்லி. கண்ணளவில் ஊற்றாதீர்கள், மருந்துக் கடையில் பத்து ரூபாய்க்குச் சிரிஞ்ச் கிடைக்கும். ஆயில் குறைந்தால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும், அந்தச் செலவில் பாதி மெஷின் வாங்கிவிடலாம். இன்னொன்று, இப்போது பங்கில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால். அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், நம் கடலோரக் காற்றில் இன்னும் சீக்கிரம். தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து அடியில் தங்கிவிடும், ரப்பர் டியூபும் டயாஃப்ரமும் கெட்டுப்போகும். கலந்ததை ஒரு மாதத்துக்கு மேல் வைக்காதீர்கள், கேனில் தேதி எழுதி வையுங்கள். வேலை முடிந்து மெஷினைக் கட்டி வைக்கும்போது டேங்கைக் காலி செய்துவிட்டு, தானாக நிற்கும் வரை ஓட விடுங்கள்.

ஏர் ஃபில்டரைத் தினமும் தட்டுங்கள், பிளக் இடைவெளி 0.5 மி.மீ. அவ்வளவுதான். கார்பரேட்டர் திருகில் கை வைக்காதீர்கள். சத்தம் நன்றாக வருகிறது என்று பெட்ரோலைக் குறைத்து வைத்த மெஷின்கள்தான் எனக்குச் சோறு போடுகின்றன.

இனி மூக்கு. செயின் முழு வேகத்தில் விநாடிக்கு 20 மீட்டர் அளவில் ஓடுகிறது. பாரின் மூக்கில் மேல் கால்பாகம் எதையாவது தொட்டால் பல் கடித்து நின்று, மொத்த பாரும் உங்கள் முகத்தை நோக்கி எகிறும். கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும். இதற்காகத்தான் முன் பிடிக்கு முன்னால் அந்தத் தடுப்பு வைத்திருக்கிறார்கள், அதுதான் செயின் பிரேக். தினமும் காலையில் முறுக்கிவிட்டு மணிக்கட்டால் அதைத் தள்ளிப் பாருங்கள், செயின் சட்டென்று நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் அன்று வேலை இல்லை. இடது கைப் பெருவிரல் முன் பிடியைச் சுற்றி வளைந்திருக்க வேண்டும், மேலே படுத்திருக்கக் கூடாது. மெஷினைத் தலைக்கு நேரே வைத்து அறுக்காதீர்கள், சற்று வலது பக்கம் ஒதுக்கிப் பிடியுங்கள். தோளுக்கு மேலே தூக்கவும் வேண்டாம்.

சாய்ந்த மரத்தைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா வேதாரண்யம் பக்கம் கரையேறியது. அதற்கடுத்த இரண்டு மாதம் எங்களுக்கு ராத்திரி பகல் இல்லை. ஒரத்தநாட்டுப் பக்கம் ஒரு தோப்பில் வேரோடு சாய்ந்த ஒரு பெரிய வேம்பு. வேர்ப்பந்து ஆள் உயரத்துக்கு நிமிர்ந்து நின்றது, அதன் அடியில் குழி, நல்ல நிழல். எங்கள் ஆள் சோற்றுத் தூக்குச்சட்டியை அந்தக் குழியில் வைத்திருந்தான். நான் தூரிலிருந்து நாலடி தள்ளி மரத்தை அறுத்தேன். மரத்தின் பாரம் கழன்றதும், வேர்ப்பந்து ஒரு முனகல்கூட இல்லாமல் எழுந்து தன் குழியிலேயே போய் உட்கார்ந்துகொண்டது, அடிக்கட்டை நேராக நிற்க. தூக்குச்சட்டியைத் தோண்டி எடுத்தபோது தோசைக்கல் மாதிரி இருந்தது. பத்து நிமிடத்துக்கு முன்னால் அதே இடத்தில் அவன் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தான்.

அதனால் சாய்ந்த மரத்தைத் தொடும் முன் எந்தப் பக்கம் இழுபட்டு நிற்கிறது, எந்தப் பக்கம் நசுங்கி நிற்கிறது என்று பாருங்கள். இரண்டு முனையும் தரையில், நடு அந்தரத்தில் என்றால் மேல்பக்கம் நசுங்கியிருக்கும், கீழ்ப்பக்கம் இழுபட்டிருக்கும். முதலில் நசுங்கிய பக்கம் கால்பாகம் அறுத்துவிட்டு, அப்புறம் இழுபட்ட பக்கத்திலிருந்து வாருங்கள். மாற்றிச் செய்தால் பார் சிக்கிக்கொள்ளும், அல்லது கட்டை பிளந்து அடிக்கும். சிக்கினால் மெஷினை ஆட்டிப் பிடுங்காதீர்கள், நிறுத்திவிட்டுப் பிளாஸ்டிக் ஆப்பு அடியுங்கள். இரும்பு ஆப்பு வேண்டாம், பல் பட்டால் போச்சு. மின்கம்பிப் பக்கம் சாய்ந்ததை மின்வாரியத்துக்குச் சொல்லி லைனை நிறுத்தாமல் தொடவே கூடாது. பனை இருந்தால் அறுக்கும் முன் கலெக்டர் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் பட்ஜெட்டில் அரசு அறிவித்தது நினைவிருக்கட்டும்.

பாதுகாப்புச் சாமானில் முதலில் வாங்க வேண்டியது சாப்ஸ், பேன்ட்டுக்கு மேல் முன்பக்கம் கட்டிக்கொள்வது. அதற்குள் நீளநீளமாக நார் அடுக்கியிருப்பார்கள். செயின் பட்டதும் நார் உருவிக்கொண்டு வந்து பல்சக்கரத்தில் சுற்றி மெஷினை நிறுத்திவிடும். நம் வெயிலில் வேர்த்துக் கொட்டும், எனக்கும் தெரியும். காலை ஆறிலிருந்து பத்து வரை அறுங்கள், அப்புறம் கழற்றிவிட்டு வேறு வேலை பாருங்கள். ஒருமுறை வெட்டுப்பட்ட சாப்ஸைத் தைத்துப் போட்டுக்கொள்ளாதீர்கள், தையல் நாரைப் பிடித்துக்கொள்ளும். ஹெல்மெட்டோடு வலைத் தடுப்பும் காதுமூடியும் சேர்ந்த செட்டாக வாங்குங்கள். செயின்சா சத்தம் 100 டெசிபலுக்கு மேல், எனக்கு இடது காது மந்தம், பேரன் கூப்பிட்டால் தெரிவதில்லை. முனையில் இரும்பு வைத்த ஷூ. கைலி, தோளில் துண்டு இரண்டும் கூடாது. பையில் ரத்தத்தை அழுத்திக் கட்ட அகலமான பேண்டேஜ். தனியாக அறுக்கப் போகாதீர்கள், 108க்கு ஃபோன் போட ஒருவராவது வேண்டும்.

மரமேறி அறுக்கும் வேலையைத் தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள். மரமேறும் மெஷினில் நின்றுகொண்டு செயின்சா ஓட்டுவதைப் பெருமையாகச் செய்கிறார்கள், ஒரு கை நழுவினால் அறுபடுவது தன் கயிறுதான். உங்களிடம் தேங்காய் பறிக்க வருகிறவருக்குத் தென்னை வளர்ச்சி வாரியத்தின் கேரா சுரக்ஷா காப்பீடு இருக்கிறதா என்று கேளுங்கள், இல்லை என்றால் நீங்களே முன்நின்று எடுத்துக் கொடுங்கள்.

சரி, மட்டை மெஷின். கணக்குப் போடுவோம். 25 அடி இடைவெளியில் ஏக்கருக்கு 70 மரம், ஐந்து ஏக்கருக்கு 350. ஒரு மரம் வருடத்துக்கு ஏறக்குறைய 12 மட்டை தள்ளும். மொத்தம் 4,200. டிராக்டரில் பூட்டும் மெஷினில் இரண்டு பேர் சளைக்காமல் கொடுத்தால் நிமிடத்துக்கு மூன்று நாலு மட்டை போகும், என் அனுபவத்தில் மணிக்கு 200. ஆக, உங்களுக்கு அந்த மெஷினோடு வேலை வருடத்துக்கு 21 மணி நேரம். மூன்று, நாலு நாள். மீதி 361 நாள் அது கொட்டகையில் துருப்பிடிக்கும். வேளாண்மைப் பொறியியல் துறை வாடகைக்கு விடும் மெஷின்களை உழவன் செயலியில் பாருங்கள், தனியாரும் மணிக்கணக்கில் வருகிறார்கள். நாலைந்து தோப்புக்காரர்கள் சேர்ந்து வாங்குவதென்றால் அது வேறு. சிறு, குறு விவசாயிகளுக்கு 50 சதவீதம், மற்றவர்களுக்கு 40 சதவீதம் என்று இயந்திரமயமாக்கல் திட்டத்தில் மானியம் உண்டு, துறை அலுவலகத்தில் கேளுங்கள்.

சேர்ந்து வாங்கினால் எதைப் பார்க்க வேண்டும்? மாட்டுத்தீவனம் நறுக்கும் சாப் கட்டரைக் காட்டி "மட்டையும் போகும்" என்பார்கள். ஓலை போகும், அடிமட்டை போகாது, நார் அச்சில் பாம்பு மாதிரி சுற்றிக்கொள்ளும். முதலில் பிளேடு நறுக்கி, அப்புறம் சுத்தியல்கள் அடித்து உடைக்கும் வகைதான் தென்னைக்கு. வாய் அகலமாக, அடிமட்டையின் பட்டையான பகுதி மடங்காமல் நுழையும்படி இருக்க வேண்டும். உங்கள் மட்டையைக் கொண்டுபோய், ஒன்று காய்ந்தது, ஒன்று பச்சை, போட்டுப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். அடிமரத்தைத் தூளாக்கும் என்று நம்பாதீர்கள், அதைச் செங்கல் சூளைக்காரர் எடுத்துக்கொள்வார்.

டிராக்டரின் பின்னாலிருந்து மெஷினைச் சுழற்றும் அச்சு, பிடிஓ என்பார்கள், நிமிடத்துக்கு 540 சுற்று. விநாடிக்கு 9. துண்டின் நுனி அதில் சிக்கினால் "ஐயோ" என்று சொல்லி முடிப்பதற்குள் ஆளோடு சுற்றிவிடும். அந்த அச்சின் மேல் இருக்கும் பிளாஸ்டிக் உறை உடைந்திருந்தால் மெஷினை எடுக்காதீர்கள், வாடகை மெஷினாக இருந்தாலும் திருப்பி அனுப்புங்கள். முழுச் சுற்று வந்த பிறகு மட்டையை அடிப்பக்கம் முதலில் கொடுத்து, நேர் எதிரே நிற்காமல் ஓரமாக ஒதுங்கிக்கொள்ளுங்கள். சிக்கினால் கையாலோ காலாலோ தள்ளாதீர்கள், இன்னொரு மட்டையால் தள்ளுங்கள். உள்ளே பார்க்க வேண்டும் என்றால் என்ஜினை நிறுத்தி, சாவியைச் சட்டைப்பையில் போட்டு, பிளேடு பூட்டிய டிரம் ஓய்ந்துவிட்டதா என்று கண்ணால் பார்த்த பிறகு மூடியைத் திறங்கள். கனத்த டிரம், நிறுத்திய பின்னும் வெகுநேரம் ஓடும்.

பராமரிப்பில் ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. பிளேடைத் தனித்தனியாகத் தீட்டக் கூடாது, எதிரெதிர் ஜோடியாகத் தீட்டி, சமையலறைத் தராசில் வைத்து எடை பார்க்க வேண்டும். ஒன்று கொஞ்சம் எடை குறைந்தாலும் அந்த வேகத்தில் டிரம் அதிரும், பேரிங் போகும். போல்ட்டும் அப்படித்தான். மெஷினோடு வந்த கெட்டி ரகப் போல்ட்டுக்குப் பதிலாக ஹார்டுவேர் கடைப் போல்ட்டைப் போட்டால், அது அறுந்து பிளேடு கூரையைப் பிய்த்துக்கொண்டு போகும். இறுக்கிய பிறகு நட்டிலும் உடலிலும் சேர்த்து ஒரு பெயின்ட் கோடு இழுத்துவிடுங்கள், கோடு பிரிந்திருந்தால் தளர்ந்திருக்கிறது. தூள் பொடியாக வராமல் நார்க்கற்றையாக வந்தால் பிளேடு மழுங்கிவிட்டது, அல்லது எதிர்த்தகட்டுக்கு இடைவெளி கூடிவிட்டது. சாயந்திரம் பேரிங் பெட்டியைத் தொட்டுப் பாருங்கள், கை வைக்க முடியாத சூடு என்றால் கிரீஸ் கேட்கிறது.

தூளை மரத்தடி வட்டப் பாத்தியில் அரையடிக்கு மூடாக்காகப் போடுங்கள், தண்டை ஒட்டி வேண்டாம். குவித்து வைத்து ஈரத்தோடு விட்டால் காண்டாமிருக வண்டு அதிலேயே குடித்தனம் நடத்தும். குவிக்கத்தான் வேண்டும் என்றால் அந்த வண்டின் புழுவைக் கொல்லும் பச்சை மஸ்கார்டைன் பூஞ்சையைக் கலந்துவிடுங்கள். பச்சை மட்டையை வெட்ட நேர்ந்தால் தண்டோடு ஒட்ட வெட்டாமல் நாலடி விட்டு வெட்டுங்கள், அந்தப் பச்சைக் காயத்தின் வாசனைக்குத்தான் சிவப்புக் கூன்வண்டு வருகிறது.

கடைசியாக மாமாவின் மெஷின். ஸ்டார்ட்டர் கயிற்றை இழுத்து இழுத்துத் தோளைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். சைலன்சரைப் பிடித்திருக்கும் இரண்டு நட்டைக் கழற்றி எடுங்கள், உள்ளே ஓட்டை வழியாகப் பிஸ்டன் தெரியும். கயிற்றை மெதுவாக இழுத்துக்கொண்டே டார்ச் அடித்துப் பாருங்கள். பிஸ்டன் பக்கவாட்டில் மழமழவென்று இருந்தால் மெஷினுக்கு உயிர் இருக்கிறது. பெட்ரோல் டியூப், டேங்க் ஃபில்டர், டயாஃப்ரம் கிட், பிளக் மாற்றினால் அநேகமாகக் கிளம்பிவிடும், சில நூறு ரூபாய்தான். மேலிருந்து கீழே கோடு கோடாகக் கீறியிருந்தால் பிஸ்டன் ஒருமுறை பிடித்திருக்கிறது, சிலிண்டரையும் சேர்த்து மாற்ற வேண்டும். சீன மெஷின் என்றால் அந்த செட் மலிவாகக் கிடைக்கிறது, மாற்றிப் பார்க்கலாம். எதுவானாலும் டேங்கில் இருக்கும் பழைய பெட்ரோலை முதலில் கொட்டிவிடுங்கள், 2018லிருந்தே உள்ளே கிடந்தால் வார்னிஷ் வாசம் அடிக்கும். படம் எடுத்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.